மஞ்சப்பையில் அச்சான முகவரி

2025 ஜூன் மாதம் எங்கள் பக்கத்து ஊர் திடீரென்று புகழ் பெற்றுவிட்டது. கூமாபட்டி. எனக்கு வ. புதுப்பட்டி. வத்திராயிருப்பைச் சுற்றி மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் கிடக்கும் ஊர்களில் ஒன்று. வெளியூரில் யாராவது சொந்த ஊர் கேட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அப்படியும் முகத்தில் வெளிச்சம் வரவில்லை என்றால் "பால்கோவா" என்போம். அந்த மாதம் அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அவராகவே வந்து, "உங்க ஊருக்குப் பக்கத்துலதான கூமாபட்டி?" என்று கேட்டார். வாழ்நாளில் முதல்முறை.

ஊர்க்காரர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் போட்ட ரீல்தான் காரணம். "ஏங்க" என்று ஆரம்பித்து, ஊரை ஒரு தனித் தீவைப் போல வர்ணித்து, வாங்க வாங்க என்று கூப்பிடுவார். தமிழ்நாடே பார்த்தது. பார்த்தவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பியும் வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் பிளவக்கல் அணை இருந்தது, அணையில் குளிக்க அனுமதி இல்லை என்ற விதியும் இருந்தது. அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள், வந்தவர்கள் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அதுவும் ரீல் ஆனது.

ரீல் போட்டவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அரசாங்கச் சுற்றுலாப் பலகை எதுவும் செய்யாததை ஒரு கைப்பேசியை வைத்துச் செய்தவர் அவர். நான் பார்த்தது வேறு. கூட்டம் வடிந்த பிறகு ஒருநாள் ஊரின் பெயரைத் தேடினேன். ரீல் வந்தது, ரீலைப் பற்றிய செய்தி வந்தது, செய்தியைப் பற்றிய மீம் வந்தது. ஆடிமாதம் சதுரகிரிக்கு வருகிறவர் இங்கே எங்கே சாப்பிடுவது, மாம்பழம் யாரிடம் வாங்குவது, தேங்காய் யார் அனுப்பித் தருவார் என்று தேடினால் கையில் சிக்குகிற மாதிரி ஒரு முகவரியும் இல்லை. கோடிக் கண்கள் பார்த்த ஊரில் ஒரு கடைக்குக்கூட வாசல் இல்லை. கடை இருக்கிறது, அதை நடத்துகிறவர்கள் இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும்கூட இருக்கிறார்கள். ஆனால் அங்கே குடியிருக்கிறார்களே தவிர அது அவர்கள் வீடு இல்லை.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு தொழில்நுட்பக் குறையாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தின் வணிக வரலாறு கொஞ்சம் தெரிந்தால் விஷயம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். ஏனென்றால், யார் நிலத்தில் கடை போடுகிறோம் என்ற கேள்வியை இந்த மண் போல வேறெந்த மண்ணும் யோசித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் உப்பும் புகையிலையும் கருவாடும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வருகிறார்கள். வழியில் கள்ளர் பயம். தங்கும் ஊரில் மரியாதை கிடையாது, கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, சந்தையில் இடம் பிடிப்பது இன்னொருவர் தயவு. அவர்கள் கண்டுபிடித்த விடைக்குப் பெயர் பேட்டை. மதில் வைத்துக் கட்டிய ஒரு வளாகம். உள்ளே வண்டியை அவிழ்த்து விடலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், சரக்கை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாம், விடிந்ததும் அங்கேயே விற்கலாம். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் இந்த வாழ்க்கை வேர் பிடித்தது. இதை விரிவாக எழுதியவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர். அவருடைய நாடார்கள் பற்றிய ஆங்கில நூல் 1969ல் வந்தது.

பேட்டையைப் பயன்படுத்துகிறவர் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதுதான் மகமை. இன்றைக்கு ஆப் நடத்தும் கம்பெனி எடுக்கும் கமிஷன் மாதிரிதானே என்று கேட்கலாம். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் மகமைப் பணம் போய்ச் சேர்ந்த பெட்டிக்கு, கொடுத்தவர்கள்தான் சாவி. கிணறு வெட்டினார்கள், கோவில் கட்டினார்கள், 1889ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. சரக்கு மூட்டைக்கு ஒருவர் கொடுத்த காசு, அவர் பேரன் உட்கார்ந்து படிக்கும் பெஞ்சாக வந்தது. நான் போன தீபாவளிக்குப் பார்த்த ஸ்பான்சர்டு போஸ்டுகளின் காசு எந்த ஊரில் பெஞ்சாக ஆகியிருக்கும் என்று தெரியாது, நம் ஊரில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

பேட்டையைப் பொன்னுலகமாக்கிக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. அந்த மதிலுக்குள் ஒரே சாதிதான். மற்றவர்களுக்கு அது இன்னொரு மூடிய கதவு. இன்று எங்கள் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நைட்டி விற்கிற, வத்தல் போட்டு அனுப்புகிற எத்தனையோ பெண்களுக்கு எந்தப் பேட்டையும் இடம் கொடுத்திருக்காது. கடைக்கு அட்வான்ஸ் இல்லை, மாமனாரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, சாதி கேட்கிற ஆள் இல்லை. சமூக ஊடகம் அவர்களுக்குச் செய்து கொடுத்தது சின்ன விஷயமில்லை. இதைச் சொல்லாமல் "வெப்சைட் வைங்க" என்று உபதேசம் செய்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பேட்டைக்குப் பிறகு வந்தது அச்சு. 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டின் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். மேலே முருகன், நடுவில் தேதி, கீழே ஒரு கடையின் பெயர், தெரு, போன் நம்பர். கடைக்காரர் ஒருமுறைதான் காசு கொடுக்கிறார். பிறகு 365 நாளும் அந்த வீட்டில் அவர் முகவரி தொங்கும். நடுவில் முருகன் வந்து, "இனிமேல் உன் பெயரை நூறில் ஆறு பேருக்குத்தான் காட்டுவேன், மிச்சப் பேருக்குக் காட்ட வேண்டுமென்றால் தனியாகக் கொடு" என்று கேட்பதில்லை.

மஞ்சப்பையும் அப்படித்தான். ஜவுளிக்கடைக்காரர் சேலையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். பையில் கடை பெயர். சேலை கிழிந்த பிறகும் பை காய்கறி வாங்கப் போனது, ரேஷன் கடைக்குப் போனது, பிணம் விழுந்த வீட்டுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போனது. போன இடமெல்லாம் முகவரியைத் தூக்கிக்கொண்டு போனது.

காலண்டரிலிருந்து நேராக வெப்சைட்டுக்கு வந்திருக்க வேண்டிய வணிகம் இது. வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு எங்கள் துறையும் பதில் சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. அடுத்த பத்து வருடம் தமிழில் ஒரு பக்கம் போடுவதே பெரும்பாடு. ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்தது இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999ல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு தரம் அறிவித்தார்கள், வெளியே டிஸ்கி ஓடிக்கொண்டிருந்தது, பிறகுதான் யூனிகோடு நிலைத்தது. பாத்திரக்கடைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு? வெப்சைட் என்பது இங்கிலீஷ் தெரிந்த பையன் வந்து, காசு வாங்கிக்கொண்டு, "வெல்கம் டு அவர் ஹோம் பேஜ்" என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் விஷயமாக இருந்தது. பாஸ்வேர்டு அவனிடம். அவன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டால் கடையின் முகவரியும் ஓசூர் போய்விடும். அடுத்த வருடம் யாரும் பணம் கட்டாமல் டொமைன் காலாவதியாகி, அங்கே ஏதாவது சூதாட்ட விளம்பரம் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் பேஸ்புக் வந்தபோது மக்கள் ஏமாந்தார்கள் என்று சொல்ல முடியாது. தமிழில் எழுத முடிந்தது, போட்டோ போட முடிந்தது, காசு கேட்கவில்லை. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற இலவசச் சேவையை பேஸ்புக் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. சில தளங்கள் மட்டும் இலவசம், மிச்ச இணையத்துக்குக் காசு. பேஸ்புக்கே இணையம் என்று ஆகிவிடும் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் இந்த மாதிரிப் பாகுபாட்டுக் கட்டணங்களுக்குத் தடை போட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். ஏழே மாதத்தில் ஜியோ வந்தது. முழு இணையமும் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது, அதைக் கொண்டு மக்கள் பேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் போனார்கள். எதை எதிர்த்துத் தடை வாங்கினோமோ அது தானாகவே நடந்தது.

மேலே முருகனை வைத்துச் சொன்ன அந்த ஆறு பேர் கணக்கு கற்பனை இல்லை. ஒரு பக்கத்தை விரும்பியவர்களில் எத்தனை சதவீதம் பேர் கண்ணில் அதன் பதிவு காசில்லாமல் படுகிறது என்று ஓகில்வி விளம்பர நிறுவனம் பார்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில், 2013 அக்டோபரில் சுமார் 12 ஆக இருந்தது 2014 பிப்ரவரியில் சுமார் 6 ஆகிவிட்டிருந்தது. நாலே மாதம். பிறகு 2018 ஜனவரியில், இனி நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை, நிறுவனங்களின் பதிவுகள் குறையும் என்று சக்கர்பெர்க்கே அறிவித்தார். சந்தைக் குத்தகைக்காரர் நடுச்சந்தையில் உங்களுக்கு இடம் கொடுத்து, வாடிக்கையாளர் பழகிய பிறகு கடையை மூலைக்குத் தள்ளிவிட்டு, பழைய இடத்துக்குத் தினவாடகை கேட்பது போல. இதற்கெல்லாம் வத்திராயிருப்புச் சந்தையில் அடிதடி நடந்திருக்கும்.

குத்தகைக்காரரின் சட்டம் எழுதப்படும் ஊரில் நம் ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் இல்லை என்பது அடுத்த சிக்கல். ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த நான்கு நாட்டு நாய் இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பேஸ்புக்கின் வணிக விதிகளின்படி தனியாட்கள் தங்களுக்குள் உயிருள்ள விலங்குகளை விற்க அனுமதி இல்லை. கள்ளக்கடத்தலைத் தடுக்க வைத்த விதி, நியாயமானதுதான். அதனால் எங்கள் பக்கத்துக் குட்டி வளர்ப்பவர்கள் படத்தைப் போட்டுவிட்டு விலை எழுத மாட்டார்கள், "இன்பாக்ஸ்" என்பார்கள், ஏதாவது சங்கேதம் எழுதுவார்கள். ஒருநாள் குழுவே காணாமல் போகும். வெடிபொருள் பட்டியலில் பட்டாசும் வருவதால் சிவகாசிக்காரர்களுக்கும் இதே கண்ணாமூச்சி. இங்கே வெப்சைட் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று சொல்லவும் வழியில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் அது நீதிமன்றம். வாதாடலாம், சீராய்வு கேட்கலாம், தீர்ப்பைப் படித்தாவது பார்க்கலாம்.

நீதிமன்றமும் அரசும்கூட ஒரே நாளில் கடையைப் பூட்டும் என்பதை டிக்டாக் காட்டியது. முதல் மணி எங்கள் பக்கத்திலேயே அடித்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொன்னது. சில நாட்களில் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தது. ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஜூன் 29 ராத்திரி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. முதல் ஊரடங்கின் நடுவே வேலை போய், டிக்டாக்கில் கூட்டம் சேர்த்துப் புடவையும் மசாலாவும் விற்றுக்கொண்டிருந்தவர்கள், சேர்த்த கூட்டத்திடம் "இனிமேல் இங்கே வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. தடை சரியா தவறா என்பது தனி விவாதம்.

தடை ஏதும் இல்லாமலும் பூட்டு விழும். 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம். இந்திய நேரப்படி ராத்திரி ஒன்பது மணி தாண்டிய கொஞ்ச நேரத்தில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை மென்பொருளில் பிழை. மையங்களோடு பேச முடியாமல் போன டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியைத் தாங்களே இணையத்திலிருந்து வாபஸ் வாங்கிக்கொண்டன. கிருஷ்ணன்கோவிலில் நின்று "வத்திராயிருப்பு இந்தப் பக்கம்" என்று காட்டும் பலகையை ஊர்க்காரர்களே பிடுங்கி எறிந்த மாதிரி. ஊர் இருக்கிறது, வழி இல்லை. சரிசெய்ய சுமார் ஆறு மணி நேரம் ஆனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தொழில்முறை ஆர்வத்தில் முழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆச்சரியம் பிழையைப் பற்றியது இல்லை, எந்தக் கம்பெனியிலும் பிழை வரும். 2012ல் இன்ஸ்டாகிராமையும் 2014ல் வாட்ஸ்அப்பையும் பேஸ்புக் வாங்கியது. மூன்று கடைத்தெருவில் கிளை வைத்திருக்கிறேன் என்று நம்பியவர்கள் அத்தனை பேரும் ஒரே வீட்டின் மூன்று திண்ணைகளில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் வெளிச்சமானது.

இலவச வெப்சைட்டையும் நம்ப முடியவில்லை. 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லியில் வைத்து இந்தியச் சிறு கடைகளுக்கு கூகுள் இலவசத் தளம் தரும் என்று அறிவித்தார். கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் போடலாம். பலர் போட்டார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அத்தனையையும் மூடிவிட்டது. ஜூன் வரை வழிமாற்றிவிட்டு அதையும் நிறுத்திவிட்டது. கடை போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரிகள் அப்படியே இருந்தன.

இவ்வளவு எழுதும்போதும் என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஏர்செல்தான். 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. எங்கள் ஊரில் முதல் செல்போன் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் ஏர்செல். டெம்போ கதவிலும், டீக்கடை போர்டிலும், காலண்டரிலும், மஞ்சப்பையிலும் ஏர்செல் எண்கள். 2018 பிப்ரவரியில் ஒருநாள் சிக்னல் போனது. கம்பெனி திவால். ஏர்செல் அலுவலகங்கள் முன்னால் கூட்டம் கூடிய படங்கள் நினைவிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டம் கேட்டது நஷ்டஈடு இல்லை. போர்ட்டிங் கோடு. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், கம்பெனி மாறினாலும் எண் மாறாது என்ற விதி நடைமுறையில் இருந்தது. 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், ஒரு கோடு, வேறு கம்பெனி சிம். கஷ்டப்பட்டு, அலைந்து, சில வாரங்களில் மக்கள் இடம் மாறினார்கள். கம்பெனி செத்தது, எண் சாகவில்லை. மஞ்சப்பையைத் திருப்பி அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.

டொமைன் பெயரும் அப்படித்தான். அதுவும் சொந்தமில்லை, வருட வாடகைதான். ஆனால் சர்வர் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பெயரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. ஃபாலோயர்களுக்கு போர்ட்டிங் கோடு கிடையாது. கேட்டு எந்த அலுவலகம் முன்னாலும் கூட்டம் கூடவும் முடியாது.

என் சித்தி மகள் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சுக்குமல்லிப் பொடி அரைத்து விற்கிறாள். ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) நாலு வருடமாகச் சேர்த்த பக்கம். 2023ல் ஒருநாள் காலையில் உள்ளே போக முடியவில்லை. எவனோ கணக்கைப் பிடித்து, அவள் படத்தை வைத்துக்கொண்டே கிரிப்டோ விற்றுக்கொண்டிருந்தான். புகார் கொடுத்தாள். தானியங்கிப் பதில் வந்தது. அடையாள அட்டை அனுப்பினாள், வீடியோவில் முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினாள், மறுபடியும் தானியங்கிப் பதில். என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க. யாராவது ஒரு ஆளப் பாத்துச் சொல்ல முடியாதா?"

அப்படி ஒரு ஆள் கிடையாது என்பதை அவளுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் காலத்து ஜமீன் கச்சேரியில்கூட மனுவோடு போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. நாலு வருடம் வாங்கியவர்களின் பெயர், முகவரி, யாருக்குக் காரம் கம்மி, யாருக்குப் பெருங்காயம் வேண்டாம் என்பதெல்லாம் அந்த உரையாடல்களில்தான் இருந்தது. அவளிடம் வேறு எங்கும் இல்லை. கடைசிவரை கணக்கு திரும்பி வரவில்லை.

ஹார்ட்கிரேவால் நூறு வருடத்துக்கு முந்தைய வணிகர்களைப் பற்றி எழுத முடிந்ததற்கு, சங்கங்களின் குறிப்புகளும் வழக்கு ஆவணங்களும் மனுக்களும் காகிதமாகக் கிடந்தது ஒரு காரணம். இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் பெண்கள் வீட்டிலிருந்து செய்த வணிகத்தைப் பற்றி ஐம்பது வருடம் கழித்து யாராவது எழுத உட்கார்ந்தால் அவர் எதைத் திறந்து பார்ப்பார்? 2014 செப்டம்பர் 30 அன்று மூடிய ஆர்குட்டில் நம் தலைமுறை எழுதியதை இன்று போய்ப் பார்க்க முடிகிறதா?

தங்கச்சி புதிதாக இன்னொரு பக்கம் ஆரம்பித்தாள். இந்தமுறை ஒரு நீள நோட்டு வாங்கி, ஆர்டர் வந்ததும் பெயர், பின்கோடு, போன் நம்பர், காரம் எல்லாம் எழுதி வைக்கிறாள். பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில் அவள் எண் இருக்கிறது. சிவகாசியில் அடித்த ஸ்டிக்கர். போன மாதம் மூன்றாவது நோட்டு ஆரம்பித்திருந்தாள். வெப்சைட் ஒன்று போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அதுக்கு வருசா வருசம் யாருண்ணே பணம் கட்டுறது?"

"ஆயிரம் ரூபாதான் ஆகும். நான் கட்டுறேன்."

"நீ மறந்துட்டா?"

அவள் பெயரில், அவள் மின்னஞ்சலில், அவள் போன் நம்பரில், அவள் ஜிபேயிலிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்தோம். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அப்படி எழுதி வைக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். தளத்தில் இப்போதைக்கு ஒரே ஒரு பக்கம். ஏழு பொடிகளின் பெயர், விலை, தெரு, போன் நம்பர்.